சம்மட்டியின் சாத்விக வருடம்

பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுதப் புகுகிறவர்கள் அவர்கள் பிறந்த நாழிகையிலிருந்து தொடங்குவார்கள். சம்மட்டியின் வாழ்க்கையை அவருடைய வலது கையிலிருந்து தொடங்குவதே நியாயம். மற்ற உறுப்புகளெல்லாம் அந்தக் கையை நாலு இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக அமைந்தவை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அதைக் கடைசியாகச் சொல்லி அழைத்தவர் நீதிமன்ற டவாலி. சம்மட்டி அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற காவலர் இடித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

நாலாம் வகுப்பில் பக்கத்து பெஞ்சுக்காரனின் மூக்கை உடைத்ததோடு அந்தக் கை பொதுவாழ்வில் நுழைந்தது. தலைமை ஆசிரியர் தகப்பனாரை வரவழைத்தார். தகப்பனார் வந்ததும் மகனை ஓங்கி ஒன்று வைத்தார். "பள்ளிக்கூடத்துல வச்சு அடிக்கக் கூடாதுங்க" என்றார் தலைமை ஆசிரியர். தகப்பனார் அவரையும் ஒன்று வைத்தார். விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்? அப்பா மகன் இருவருடைய கல்வித் தொடர்பும் அன்றோடு முடிந்தது.

பிறகு அந்தக் கை வண்டிப் பட்டறைக்குப் போனது. இறுகிப்போன பேரிங்கை அடித்துக் கழற்றுவது, வளைந்த அச்சை அடித்து நிமிர்த்துவது, துருப்பிடித்த போல்ட்டை அடித்துப் பணியவைப்பது என்று நாளெல்லாம் அடிக்கிற தொழில். மனிதரை அடித்தால் வழக்கு, இரும்பை அடித்தால் கூலி என்பது சம்மட்டிக்குப் புரிய முப்பது வருடம் ஆயிற்று. அப்போதும் அது அரசாங்கத்தின் உதவியோடுதான் புரிந்தது. இடைப்பட்ட காலத்தில் அவர் கணக்கில் சேர்ந்தவை இரண்டு விலா எலும்பு, ஒரு தாடை, காதுகள் பல, ஒரு கழிப்பறைக் கதவு. கதவுக்குப் பின்னால் ஆள் இருப்பதாக நினைத்துவிட்டார்.

வீட்டுக்குள் மட்டும் அந்தக் கை அடங்கியிருந்தது. அதற்கும் காரணம் உண்டு. கல்யாணமான ஒன்பதாம் நாள் பட்டறையில் ஏதோ பேச்சு முற்றி, மனைவி மேல் கையை ஓங்கினார். அவள் கையில் அப்போது டயர் கழற்றும் நெம்புகோல் இருந்தது. சம்மட்டியின் உடைந்த இடது தோளெலும்பு கூடுவதற்கு ஆறு வாரம் பிடித்தது. அந்த ஆறு வாரமும் பட்டறையை அவள்தான் பார்த்துக்கொண்டாள். அப்படியே தொழிலும் கற்றுக்கொண்டாள். எலும்பு கூடியபோது அவர் பார்த்தால், கழற்றிய கியர்களை மண்ணெண்ணெயில் கழுவி, பல்லை எண்ணி, காகிதக் கனத்தில் இருக்கும் ஷிம் தகடுகளை இடைவெளி பார்த்துச் செருகுவதில் அவள் விரல் இவர் விரலைவிட நயமாக இருந்தது. அடித்துக் கழற்றுவது அவர், அளந்து மாட்டுவது அவள் என்று குடும்பம் நடந்தது.

இந்த நிலையில்தான் குவாரிக்காரன் வந்து சேர்ந்தான். கல் உடைக்கும் குவாரி ஒன்றுக்கு உரிமையாளன். அவனுடைய லாரியின் பின்னச்சைச் சம்மட்டி சரிசெய்து அனுப்பினார். அவன் அதில் எண்ணெய் ஊற்றாமல் ஒரு மாதம் ஓட்டி, சக்கரம் இறுகியதும் கடைத்தெருவில் நின்று, "சம்மட்டிக்குக் கைதான் பெரிசு, கைவேலை சிறுசு" என்றான். சம்மட்டியின் அப்பாவைச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பார். அம்மாவைச் சொல்லியிருந்தால் யோசித்திருப்பார். கைவேலையைச் சொன்னதும் கை தானாகவே பதில் சொல்லிவிட்டது. மேல்வரிசை முன்பல் ஒன்று எதிர்க்கடைப் படியில் போய் விழுந்தது. அதைப் பொறுக்கித் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு, குவாரிக்காரன் நேராகக் காவல் நிலையத்துக்குப் போனான்.

நீதிமன்ற நடுவர் கருணை உள்ளவர். ஒரு வருடத்துக்கு எவர் உடலுக்கும் உடைமைக்கும் தீங்கு செய்யமாட்டேன், மீறினால் ஆறு மாதம் சிறை என்று நன்னடத்தைப் பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதும் அதே வலது கைதான். திருடனே திருடனுக்கு ஜாமீன் நின்ற மாதிரி ஆயிற்று.

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: "நீங்க உள்ள போனீங்கன்னா நான் பட்டறையைப் பூட்டிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வந்து பூட்டை உடைச்சுக்குங்க. அதுக்கும் ஒரு கேஸு போடுவாங்க."

பட்டறை என்பது மூன்று பக்கம் சுவர், மேலே தகரம், நடுவில் உத்திரத்திலிருந்து தொங்கும் சங்கிலிக் கப்பி, எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்த தரை. அதையும் மனைவியையும் கழித்துவிட்டால் சம்மட்டியிடம் மிஞ்சுவது அந்தக் கை மட்டும்தான். ஆகவே அவர் சாத்விகரானார்.

புலிக்கு வாய்ப்பூட்டு போட்ட செய்தி ஆட்டு மந்தைக்கு எட்டாமல் இருக்குமா? இருபது வருடமாகச் சம்மட்டியைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போனவர்கள் எல்லாம் இப்போது அவரை உரசிக்கொண்டு நடந்தார்கள். பழைய தாடைக்காரன் தினமும் மாலை வந்து பட்டறை வாசலில் நின்று, தாடையைத் தடவிக்கொண்டு, "எப்படிண்ணே இருக்கீங்க" என்று விசாரித்துவிட்டுப் போனான். டீக்கடைக்காரர் டீயில் தண்ணீரைக் கூட்டினார். சம்மட்டி ஒவ்வொரு முறையும் உள்ளே போய்ப் பட்டறைக் கல்லை அடித்தார். அந்த வருடத்தில் இரண்டு சம்மட்டிப் பிடிகள் முறிந்தன. மனைவி நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாகக் கிரீஸ் விரலால் அழித்துக்கொண்டே வந்தாள்.

பதினோரு நாள் மிச்சம் இருந்தபோது, காவல் ஆய்வாளர் புன்னகையோடு பட்டறைக்குள் வந்தார். பின்னாலேயே குவாரிக்காரனும் வந்தான். போன பல்லுக்குப் பதிலாக எஃகுப் பல் ஒன்று பளிச்சிட்டது. அவனோடு, அவன் சிரித்தால் சிரிப்பதற்காக, அவன் மச்சினன்.

"என்னப்பா சம்மட்டி, பகையெல்லாம் மனசுல வச்சுக்கக் கூடாது" என்றார் ஆய்வாளர். "இவரு வண்டிக்கு ஒரு வேலை இருக்காம். இந்தப் பக்கத்துல கிரவுன் பினியன் மாத்தத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தானாமே. செஞ்சு குடு. ஒண்ணா டீ குடிங்க."

அவர் போனதும் குவாரிக்காரன் குரலைத் தாழ்த்தினான். "பதினோரு நாள் இருக்குல்ல? நானும் எண்ணிட்டுதான் இருக்கேன். தினம் வந்து பாப்பேன்."

வந்த நோக்கம் வண்டி இல்லை என்பது சம்மட்டிக்குப் புரிந்தது. இவரை எப்படியாவது சீண்டி ஒரு அடியை வாங்கிக்கொண்டு, அதை ஆறு மாதமாக மாற்றிக்கொள்ள வந்திருக்கிறான். அடி வாங்குவதற்காக ஒருவன் வீடு தேடி வருவது அவருடைய அனுபவத்திலேயே புதிது. திருப்பி அனுப்ப வாயெடுத்தார். மனைவி முந்திக்கொண்டாள்.

"செஞ்சு அனுப்பிடலாங்க. முடியாதுன்னா அதையே ஒரு சாக்கா வச்சுத் தகராறு பண்ணுவான். வாயை மூடிட்டு, கையை வண்டிக்குள்ளயே வச்சுக்குங்க."

வண்டி கரடுமுரடான பாதையில் போகிற சிறிய ஜீப். எஞ்சின் நெல்லிக்காய் அளவு. அதற்கு அவன் யானைக்கால் போல நாலு பெரிய டயர்களை மாட்டியிருந்தான். பார்க்கக் கம்பீரம். ஆனால் மேடு என்றால் மூச்சு வாங்கி நின்றுவிடும். இதற்கு மருந்து, முன்னச்சிலும் பின்னச்சிலும் உள்ள கிரவுன் பினியன் என்ற பல்சக்கர ஜோடிகளை மாற்றுவது. பழைய ஜோடியில் சின்னச் சக்கரத்துக்கு ஒன்பது பல், பெரியதற்கு முப்பத்தேழு. சின்னது நாலு சுற்றுக்குக் கொஞ்சம் கூடச் சுற்றினால் டயர் ஒரு சுற்று சுற்றும். புது ஜோடியில் எட்டும் நாற்பத்தொன்றும். ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் டயர் ஒன்று சுற்றும். வேகம் குறையும், இழுப்பு கூடும். இரண்டு புது ஜோடிகளையும் எண்ணெய்த் தாள் சுற்றி அவனே கொண்டுவந்திருந்தான். பின்னுக்கு ஒன்று, முன்னுக்கு ஒன்று.

இதில் ஒரே ஒரு சட்டம் உண்டு. முன்னும் பின்னும் ஒரே கணக்காக இருக்க வேண்டும். சாதாரணமாக ஓட்டும்போது பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். முன்னால் என்ன பல் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நாலு சக்கரத்தையும் இழுக்கவைக்கும் லீவரைப் போட்டால்தான் இரண்டும் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளாகும். ஒரு மாடு பத்து அடி வைக்கும்போது மற்றது எட்டு அடி வைத்தால் என்ன ஆகும்? மணலிலோ சேற்றிலோ டயர் வழுக்கிச் சமாளிக்கும். பாறையில் வழுக்க இடமில்லை. முறுக்கு ஏறிக்கொண்டே போய் ஏதாவது ஒன்று வெடிக்கும். பெரும்பாலும் நடுவில் ஓடும் நீள ஷாஃப்ட். இந்த வண்டியில் கைப்பிரேக்கும் அந்த ஷாஃப்டில்தான் இருந்தது; அது முறிந்தால் இழுப்பும் அந்தப் பிரேக்கும் ஒன்றாகப் போகும்.

குவாரிக்காரன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். முதல் நாள் தான் வந்த காரை உள்ளே விடுகிறேன் என்று சம்மட்டியின் கருவிப் பெட்டி மேல் ஏற்றி நசுக்கினான். "அடடா, தெரியலப்பா." இரண்டாம் நாள், முப்பது வருடமாக அவர் கையில் இருந்த ஸ்பானரை எடுத்துப் பார்த்துவிட்டுச் சாக்கடையில் வீசினான். அடுத்து, சம்மட்டி வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தபோது, நீட்டியிருந்த உள்ளங்காலில் பூட்ஸ் முனையால் உதைத்துவிட்டு, "உயிரோட இருக்கியான்னு பாத்தேன்" என்றான். ஒரு நாள் சூடான டீயை அவர் முதுகில் கவிழ்த்தான். ஒரு நாள் தட்டிக்கொடுக்கிற சாக்கில் பிடரியில் படார் என்று வைத்தான். ஒவ்வொன்றுக்கும் பிறகு முகத்தை வாகாக நீட்டிக்கொண்டு, சவரம் செய்ய உட்கார்ந்தவனைப் போலக் காத்திருந்தான். சம்மட்டி பல்லைக் கடித்துக்கொண்டு பேரிங்கை அடித்தார். அந்த வாரம் எந்தப் பேரிங்கும் இரண்டாவது அடிக்கு நிற்கவில்லை.

பின்னச்சு முடிந்தது. புதுப் பல் ஏறியது. மனைவி நீலச் சாயம் தடவிப் பல்லோடு பல் எங்கே உரசுகிறது என்று பார்த்து, ஷிம் வைத்து மூடினாள்.

முன்னச்சுக்கு எண்ணெய் சீல் வாங்க அவள் கடைவீதிக்குப் போயிருந்த முற்பகலில் அது நடந்தது. முன்னச்சிலிருந்து பழைய எண்ணெயை வடித்து ஒரு சட்டியில் வைத்திருந்தார்கள். கறுத்து, கெட்டித்து, இறந்துபோன எண்ணெய். சம்மட்டி அச்சுக்கு அடியில் முகத்தை மேலே காட்டிப் படுத்திருந்தார். குவாரிக்காரன் குனிந்தான், சட்டியைத் தூக்கினான், அவர் முகத்தில் நிதானமாக ஊற்றினான். கண், மூக்கு, வாய் எல்லாவற்றிலும் இறங்கியது. மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"கை தவறிடுச்சுப்பா" என்றான் குவாரிக்காரன். "உன் பொண்டாட்டி வந்தா குளிப்பாட்டி விடச் சொல்லு. இல்லன்னா நான் சொல்லட்டுமா?"

சம்மட்டி எழுந்து உட்கார்ந்தார். கண் திறக்க முடியவில்லை. வலது கை தானாகவே பக்கத்தில் கிடந்த இரும்புக் கம்பியைத் தேடிப் பிடித்துவிட்டது. இடது கையால் வலது மணிக்கட்டை அமுக்கிக்கொண்டு, அவன் கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்கும் வரை அப்படியே இருந்தார். நகம் பதிந்த இடத்தில் ரத்தம் வந்தது.

முகத்தைத் துடைத்தபோது அவருக்கு ஞானம் பிறந்தது. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது கைதானே? பல்சக்கரத்துக்கு ஏது கை?

அவர் முன்னச்சைத் திறந்த மாதிரியே மூடினார். உள்ளே பழைய முப்பத்தேழும் ஒன்பதும் பத்திரமாக இருந்தன. புது எண்ணெய் ஊற்றினார். வேலை முடிந்ததற்கு அடையாளமாகப் போல்ட் தலைகளுக்கு வெள்ளைச் சாயத்தில் புள்ளி வைத்தார். புது ஜோடியை எண்ணெய்த் தாளோடு மேல்தட்டில், பழைய பிரேக் டிரம்முக்குப் பின்னால் தள்ளினார். மனைவி வந்து, "முடிஞ்சிடுச்சா? பழைய சீலே தாங்குமா?" என்றாள். "தாங்கும். ஷிம்மும் நானே பாத்து வச்சுட்டேன்" என்றார். ஒருவனைக் கையை ஓங்காமல் அடிக்க முடியும் என்பதை நாற்பத்தாறு வயதில் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அன்று இரண்டு டீ குடித்தார். சீட்டிகூட அடித்தார். அவர் சீட்டியடித்து அவள் கேட்டதில்லை. அதை அவள் கவனித்து வைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் மிச்சம் இருந்தது. காலை ஒன்பது மணிக்குக் குவாரிக்காரன் வந்து வண்டியை எடுத்தான். அடி கிடைக்காத ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. "பதினோரு மணிக்குக் குவாரியில பெரிய சரிவுல ஏத்தப் போறேன். வா, உன் கைவேலையைப் பாக்கலாம். இன்னும் ரெண்டு நாள் இருக்கு, மறந்துடாத."

வண்டி போனது. மனைவி மேல்தட்டைத் துடைக்க ஏறினாள். பிரேக் டிரம்மை நகர்த்தினாள். எண்ணெய்த் தாள் பொட்டலம். பிரித்தாள். எண்ண வேண்டிய அவசியம் இல்லை; இருந்தும் எண்ணினாள். நாற்பத்தொன்று.

"இது இங்க இருக்குன்னா, அங்க என்ன இருக்கு?"

சம்மட்டி டீயை ஊதினார்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"பழசு."

"மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முன்னச்சை மறந்த மெக்கானிக் என்று பெயர் வாங்குவதைவிடக் கொலைகாரன் என்று பெயர் வாங்குவது அவருக்கு எளிதாக இருந்தது. "மறக்கல" என்றார்.

அவள் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "அந்தச் சரிவுக்குப் பக்கத்துல பள்ளம் எவ்வளவு ஆழம்னு தெரியுமா?"

"தெரியும்."

"அவன் மச்சினன் பக்கத்துல உக்காருவான்."

"அவனும்தான் சிரிச்சான்."

"சிரிச்சதுக்குச் சாவா?"

சம்மட்டி டம்ளருக்குள் பார்த்தார்.

"கையால அடிச்சா ஆறு மாசம். இதுக்கு எவ்வளவுன்னு பத்திரத்துல போட்டிருக்கா?"

"இதுல என் கை எங்க இருக்கு?"

"அதான் எனக்கும் தெரியல" என்றாள். "நான் கட்டிக்கிட்ட மனுஷன் யாரையா இருந்தாலும் நேரா நின்னு, மூஞ்சியப் பாத்து அடிப்பாரு. பத்துப் பேர் பாக்க அடிப்பாரு. அடிச்சுட்டு அங்கயே நிப்பாரு. போல்ட்டுக்குப் பொட்டு வச்சு அனுப்பறது யாருன்னு எனக்குத் தெரியல."

நெம்புகோலால் தோளெலும்பில் வாங்கியதற்குப் பிறகு சம்மட்டிக்கு இவ்வளவு வலித்தது அன்றுதான். டம்ளரை வைத்தார். பைக்கை எடுத்தார்.

"அடிச்சுடாதீங்க" என்றாள் அவள் பின்னாலிருந்து. "சொல்லி நிறுத்துங்க."

குவாரி வெயிலில் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. சரிவு வழவழப்பான ஒற்றைப் பாறை. அதன் இடது பக்கம், கல் எடுத்த பள்ளத்தில் பச்சைத் தண்ணீர். கல் உடைக்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள். ஜீப்பில் குவாரிக்காரன், பக்கத்தில் மச்சினன்.

"வந்துட்டான்யா" என்றான் குவாரிக்காரன்.

சம்மட்டி வண்டிக்கு முன்னால் போய் நின்றார். "அண்ணே, ஃபோர் வீல் லீவரைப் போடாதீங்க. முன்னச்சுல தப்பு நடந்துபோச்சு. ஒரு நாள் குடுங்க, மாத்தித் தர்றேன்."

அண்ணே என்ற சொல் அவர் வாயிலிருந்து, ஆணி பிடுங்குவது போல, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

"தப்பா? யாரு பண்ண தப்பு?"

"நான்தான்."

"இவங்களுக்குக் கேக்கல. சத்தமா சொல்லு. எனக்கு வேலை தெரியாதுன்னு சொல்லு."

பத்துப் பதினைந்து பேர். சம்மட்டி தொண்டையைச் செருமினார். "எனக்கு வேலை தெரியாது."

"இன்னொரு வாட்டி."

"எனக்கு வேலை தெரியாது."

மூன்றாவது முறையும் சொன்னார். ஒன்பது நாளில் வாங்கிய உதையெல்லாம் இதற்கு முன்னால் பூவால் அடித்த மாதிரி. குவாரிக்காரன் இறங்கி வந்தான். முகத்தில் சந்தேகம். சம்மட்டியாவது தப்பை ஒப்புக்கொள்வதாவது? ஏதோ சூது இருக்கிறது, நான் ஏறிக் காட்டுவதைப் பொறுக்காமல் இவன் தடுக்கிறான் என்று முடிவு செய்தான்.

முதல் குத்து வயிற்றில். இரண்டாவது காதில். சம்மட்டி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். குவாரிக்காரன் பக்கத்தில் கிடந்த கல் சுத்தியின் மரப்பிடியை எடுத்து அவர் முழங்காலில் போட்டான். சம்மட்டி மண்டியிட்டார். தோளில் ஒன்று, முதுகில் இரண்டு. மச்சினனும் இறங்கி வந்து தன் பங்குக்கு விலாவில் உதைத்தான். வாயிலிருந்து ரத்தத்தோடு ஒரு கடைவாய்ப் பல் வந்து விழுந்தது. அடிப்பதில் முப்பது வருட அனுபவம் உள்ளவர் என்ற முறையில், குவாரிக்காரன் தோளைத் திருப்பாமல் மணிக்கட்டால் மட்டும் அடிப்பதைச் சம்மட்டி கவனித்தார். அரைகுறை வேலை.

"லீவரை மட்டும் போடாதீங்க" என்றார் தரையிலிருந்து.

அவர்கள் வண்டியில் ஏறினார்கள். எஞ்சின் உறுமியது. சரிவின் அடியில் முன்சக்கரம் ஏறியது. குவாரிக்காரன் எல்லோரும் பார்க்க லீவரைப் பிடித்து இழுத்தான்.

ஜீப் இரண்டு கஜம் ஏறியது. பார்த்தவர்களுக்கு அது ஏறுவது மட்டும்தான் தெரிந்தது. சம்மட்டிக்கு அடியிலிருந்து வந்த சத்தம் கேட்டது. கயிற்றை முறுக்க முறுக்க வரும் கிறீச்சல். டயர்கள் பாறையைப் பிறாண்டின. ஷாஃப்ட் வெடிக்க இன்னும் நாலு கஜம், மிஞ்சினால் ஐந்து.

எப்படி எழுந்தார், எப்படி ஓடினார் என்பது அவருக்கே தெரியாது. கதவைப் பிடித்துத் தொங்கினார். முதலில் சாவிக்குத்தான் கையை நீட்டினார். இதை வரலாறு பதிவு செய்துகொள்ள வேண்டும். குவாரிக்காரன் அந்தக் கையைக் கடித்தான், எஃகுப் பல் எலும்பு வரை இறங்கியது. கிறீச்சல் உச்சத்துக்குப் போனது. இனி பேச்சுக்கு இடமில்லை.

முந்நூற்று அறுபத்து மூன்று நாள் சேர்த்துவைத்த அறை அது. தாடையும் கன்னமும் சேரும் இடத்தில், தோள் முழுக்கத் திரும்பி, இடுப்பிலிருந்து வந்தது. குவாரிக்காரன் மச்சினனின் மடியில் குழந்தையைப் போலச் சாய்ந்தான். கால் நழுவி எஞ்சின் நின்றது. ஜீப் ஒரு முழம் பின்னால் உருண்டு, ஒரு கல்லில் முட்டுக் கொடுத்து நின்றது. சம்மட்டி சாவியைப் பிடுங்கிப் பள்ளத்தின் பச்சைத் தண்ணீரில் எறிந்தார். பிறகு பாறையிலேயே உட்கார்ந்துகொண்டார். அடித்துவிட்டு அங்கேயே இருப்பது அவருடைய வழக்கம்.

குவாரிக்காரனுக்குத் தாடை இரண்டு இடத்தில் விலகியிருந்தது. ஆனாலும் தூக்கிக்கொண்டு போகும்போது அவன் கண்ணில் அப்படி ஒரு மகிழ்ச்சி. பெண்ணுக்குக் கல்யாணம் முடித்த தகப்பனுக்குக்கூட அவ்வளவு நிறைவு வராது.

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னும் ரெண்டே நாள்தானே இருந்தது. ஏன் அடிச்சீங்க?"

சம்மட்டியிடம் இரண்டு பதில் இருந்தது. உண்மையான பதிலைச் சொன்னால் கொலை முயற்சி, ஏழெட்டு வருடம். மற்ற பதிலுக்கு ஆறு மாதம்.

"பாத்ததும் கை வந்துடுச்சுங்க ஐயா."

நடுவர் தலையசைத்தார். ஆய்வாளர் தலையசைத்தார். தாடையில் கட்டோடு குவாரிக்காரனும் வலி பொறுக்கும் அளவுக்குத் தலையசைத்தான். எல்லோரும் எதிர்பார்த்த பதில். ஆகவே எல்லோருக்கும் அது உண்மையாகத் தெரிந்தது. நீதி விரைவாக நிறைவேறியது.

முதல் வாரக் கடைசியில் மனைவி சிறைக்குப் பார்க்க வந்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"அக்கா வீட்டுக்குப் போகலியா?"

"போனேன். ரெண்டாம் நாள் அவ வீட்டுக்காரர் உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாரு. டம்ளர் பக்கத்துலயே இருந்துச்சு. அக்காவே பஸ் ஏத்தி விட்டுட்டா."

சம்மட்டி குனிந்துகொண்டு சிரித்தார். வாயில் புண் இருந்ததால் அது முழுதாக வரவில்லை.

"வண்டி?"

"நீங்க உள்ள போன மறுநாளே பொட்டலத்தை எடுத்துட்டுக் குவாரிக்குப் போனேன். வண்டி அங்கயேதான் நின்னுச்சு, சாவி இல்லாம. வேலை பாதியில வண்டி வெளிய வந்துடுச்சு, முடிச்சுட்டுப் போறேன்னு சொன்னேன். அவனுக்குத்தான் வாய் கட்டியிருக்கே, கையைக் கையை ஆட்டினான். சரின்னு எடுத்துக்கிட்டேன்."

"ஒத்தையாவா?"

"கல் உடைக்கிறவங்க ரெண்டு பேர் அச்சைத் தூக்கிப் பிடிச்சாங்க. மத்ததெல்லாம் நான்தான். ரெண்டு நாள். நீங்க வெள்ளைப் பொட்டு வச்ச போல்ட் ஒண்ணுகூட அசையல, சம்மட்டியத் தூக்கி அடிச்சேன்."

"ஏறிச்சா?"

"ஏறிச்சு. மச்சினன்தான் வேற சாவி செஞ்சு ஓட்டினான். நாலு சக்கரமும் பிடிச்சு, ரெண்டாவது கியர்ல, உச்சி வரைக்கும்."

சம்மட்டி வலையருகே நகர்ந்தார். "முதல் கியர் தேவைப்படலியா?"

"இல்ல."

"நீலச் சாயம் தடவிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பல்லு எங்க உரசிச்சு?"

"நடுவுல."

"நடுவுலன்னா, சரியா நடுவுலயா, இல்ல கொஞ்சம் உள்பக்கம் தள்ளியா?"

"நடுவுல."

"உள்பக்கம் தள்ளியிருந்தா ஒரு ஷிம் எடுத்திருக்கணும். எடுத்தியா? எந்தக் கனத்துல எடுத்த?"

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இதுக்கு மேல ஒரு கேள்வி கேட்டீங்கன்னா, இந்த வலையைப் பிச்சுட்டு வந்து அறைவேன்."

காவலுக்கு நின்ற வார்டர் நிமிர்ந்து பார்த்தார். இருவரில் யாரை எச்சரிப்பது என்று விளங்காமல், தன் நாற்காலியை இரண்டடி பின்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.